அத்தையின் ஆள்காட்டி விரல்

ஜூன் 4, செவ்வாய்

யாரோ ஒருவருடைய முழங்கையை அழிப்பதிலேயே இன்றைய பொழுது போயிற்று. மணமக்களுக்குப் பின்னால் நின்று எவரோ காது குடைந்திருக்கிறார். ஆள் படத்தில் இல்லை. முழங்கை மட்டும் மணமகளின் தோளில் முளைத்த மாதிரி நிற்கிறது. பின்னாலிருந்த திரைச்சீலையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி மூடினேன். மடிப்புக்கு மடிப்பு பொருந்திவிட்டது. இனி அந்த மனுஷன் அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை.

ஸ்டூடியோவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த காலோடு வீட்டுக்கு நான்கு மாடி. லிஃப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' அட்டை போன மழைக்காலத்திலிருந்து தொங்குகிறது. அட்டையே பழுப்பேறிவிட்டது.

மேலே போனால் மாமா ஜன்னலோர நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துண்டோடு. அத்தை கையில் கத்தரிக்கோல். மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன கையோடு லிஃப்ட் நின்றுபோனது. ஒருமுறை டாக்டரிடம் போக நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்குறதா இருந்தா எனக்கு டாக்டரே வேணாம்" என்று சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் நிலம் அளந்து நடந்த சர்வேயர் அவர். இப்போது ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்கிறார். முன்பெல்லாம் தெருமுனை சலூனில் முடி வெட்டிக்கொண்டு, அங்கேயே பேப்பர் படித்து, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு வருவார். அதுவும் போயிற்று. அத்தைதான் வெட்டுகிறார். இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேறு மாதிரி. மாமா இருக்கிற எந்தப் படம் கையில் கிடைத்தாலும் காதோரத்தை நான் சரிசெய்துவிடுவேன். என்னாலானது அவ்வளவுதான்.

துண்டை உதறிக்கொண்டே அத்தை சொன்னார்: "சங்கத் தலைவர் எலெக்‌ஷன்ல நான் நிக்கப் போறேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அத்தை திரும்பிப் பார்த்தார். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 6, வியாழன்

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம். தேர்தலில் நிற்பவர் ஆளுக்கு ஒரே ஒரு படம், கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கக் கூடாது. மாதத்தின் நான்காம் ஞாயிறு பொதுக்கூட்டம், அங்கேயே சீட்டில் எழுதிப் போடுவது. இந்தச் சட்டதிட்டங்களைக் காப்பாற்றும் தேர்தல் அதிகாரி, இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர்.

எதிரே நிற்பவர் பல் டாக்டர். நான் கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல் அவர்தான் தலைவர். வீடு தரைத்தளத்தில். லிஃப்ட் ஓடினால் அவருக்கென்ன, ஓடாவிட்டால் என்ன? யார் கேட்டாலும் "சொல்லியிருக்கோம், பாக்கலாம்" என்று ஒரு சிரிப்பு. வாயெல்லாம் பல்.

ஆக, எல்லாம் ஒரு படத்தில் இருக்கிறது. என்ன பிரச்சினை என்றால், அத்தைக்குப் படமே இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கிறார்! ஃப்ளாஷ் அடிக்கும் நொடியை எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ. கல்யாணப் படத்திலும் அப்படியே.

"என்னைப் பாக்க அன்னிக்கே பிடிக்கல போல" என்றார் மாமா.

"ஆமா, இப்பதான் தெரியுதா?" என்றார் அத்தை.

"படத்தை நான் பாத்துக்கறேன் அத்தை" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எனக்கு இது தேவையா?

ஜூன் 7, வெள்ளி

கிடைத்துவிட்டது! கண் திறந்த அத்தை!

எங்கள் ஸ்டூடியோ ஃபோட்டோகிராஃபருக்குக் கடையில் 'சிரிங்க' என்று பெயர். வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான். எங்கள் கட்டடத்து ஹாலில் போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவை அவன்தான் எடுத்தான். பழைய ஃபைலில் தேடினேன். ஜூஸ் கொண்டுவந்த வேன்காரன் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டான். அத்தை அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். கை நீண்டிருக்கிறது, ஆள்காட்டி விரல் வேன்காரனின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். வாய் பாதி திறந்திருக்கிறது. கண் இரண்டும் முழுசாக, பளீரென்று. கோபம் வந்தால் ஃப்ளாஷ் என்ன, இடி விழுந்தாலும் கண் மூடாது போலிருக்கிறது. பெண் கண்டக்டராக எத்தனையோ வருஷம் பஸ்ஸில் நின்று, "உள்ள போ, உள்ள போ" என்று ஊரையே உள்ளே தள்ளியவர் அல்லவா.

ஜூன் 9, ஞாயிறு

படம் தயார். விரல் வேண்டாமென்று தோளோடு வெட்டிவிட்டேன். வேறொரு படத்திலிருந்து மூடிய வாயை எடுத்துப் பொருத்தினேன். பின்னால் இளநீலம். அழகோ அழகு. என் கைக்கு நானே முத்தம் கொடுக்கலாம். காலையிலேயே பலகையில் ஒட்டியாயிற்று. நாளைக்கு அத்தை கீழே போகும்போது பார்க்கட்டும் என்று காட்டவில்லை.

ஜூன் 10, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் வாட்ச்மேன் கேட்கிறார்: "பலகையில புதுசா ஒரு அம்மா படம் இருக்கே, உங்க மாமியாருக்குத் தங்கச்சியா?" நான் சிரித்தேன். படியிறங்கி வந்த மூன்றாம் மாடி அக்கா, "யாரும்மா அது? டிவில வருவாங்களா?" என்றார். அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கடையில் நாங்கள் 'கல்யாணப் பூச்சு' என்போம். எந்த முகத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக ஒரு பொத்தானை அமுக்குவோம். சுருக்கம் போகும், நிறம் ஏறும், மச்சம் மறையும், கண்ணில் ஒரு பளபளப்பு வரும். மணமகளுக்கான ஏற்பாடு அது. கை தானாக அமுக்கிவிடும், மூச்சு விடுவது மாதிரி. அத்தைக்கும் அமுக்கியிருக்கிறேன். அமுக்கியது எனக்கே தெரியவில்லை! தாடை மச்சம் இல்லை. நெற்றிக்கோடு இல்லை. யாரோ ஒருத்தி இளநீலத்தில் மினுமினுத்துக்கொண்டு நிற்கிறாள்.

மருந்துக்கடைக்காரர் மாலையில் நான்கு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றார். "ஆளுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லேன்னு டாக்டர் கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்காரு. மாத்திடுங்க. இல்லேன்னா நீங்க நிக்க முடியாது."

அத்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவ பாக்க நல்லாத்தான் இருக்கா. ஆனா இவளுக்கு யாரு பயப்படுவா? லிஃப்ட்கூட பயப்படாது."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

தலைவலி. வேலையில் மனமில்லை. மணமகள் ஒருத்திக்குப் பூச்சு அடிக்காமலே அனுப்பிவிட்டேன். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

ஜூன் 12, புதன்

இன்றைக்கு யார் கடைக்கு வந்தது தெரியுமா? பல் டாக்டர்!

அவருக்கு என்னைத் தெரியாது. நான்காம் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும், படியேறி வந்தால்தானே? முதலாளி அவரை நேராக என் மேசைக்கு அழைத்துவந்து, "எங்க கடையில இவங்க கைதான் சார் பெஸ்ட்" என்று உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்.

பல்லை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டுமாம். பின்னால் நம் கட்டடம் தெரிய வேண்டுமாம், ஆனால் முன்பக்கத்துக் காய்ந்த மண்ணும் உடைந்த தண்ணீர்த் தொட்டியும் வேண்டாமாம். "அங்க ஒரு தோட்டம் போட்டுடும்மா. பூவெல்லாம் வச்சு. பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல?"

என்ன செய்வது? பல்லை ஒரு சொட்டு மஞ்சளாக்கிவிட்டால் போதும். ஒரு கண்ணைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும், பார்ப்பவனுக்குக் காரணம் தெரியாமலே ஆளைப் பிடிக்காமல் போகும். அந்த வித்தையும் எனக்குத் தெரியும். மவுஸ் அவர் பல்லுக்கு மேல் போய் நின்றது.

செய்யவில்லை. கடைக்கு வந்த முகம் கடைக்கு வந்த முகம்தான். பல்லை அவர் கேட்ட வெள்ளைக்குக் கொண்டுவந்தேன். புல், செடி, ரோஜா, ஒரு கல் பெஞ்சுகூடப் போட்டேன். ரோஜா நிழல் பெஞ்சில் விழுகிறது. என் வாழ்க்கையிலேயே நல்ல தோட்டம்!

வீட்டில் அத்தை கேட்டார், "பல்லு டாக்டர் உங்க கடைக்குள்ள போனதா வாட்ச்மேன் சொன்னானே?"

"கடை விஷயத்தை வெளியில சொல்லக் கூடாது அத்தை."

"நல்லா செஞ்சியா, அரைகுறையா செஞ்சியா? அதை மட்டும் சொல்லு."

"நல்லாத்தான் செஞ்சேன்."

"அப்ப சரி. என் பஸ்ல எனக்கு ஆகாதவங்க ஏறினாலும் அவங்க ஸ்டாப்புல இறக்கித்தான் விட்டிருக்கேன்." அதோடு விட்டுவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

பஸ்ஸில் வரும்போது ஒரு கண்டக்டர் யாரையோ விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று உறைத்தது. முட்டாள், முட்டாள்! எதை வெட்டி எறிந்தாயோ அதுதானடி படம்!

இந்தக் கட்டடத்தில் அத்தையின் விரலைப் பார்க்காதவர் யார்? மாடிப்படியில் குப்பை போட்டவர், குழாயைத் திறந்துவிட்டுப் போனவர், சைக்கிளை வழியில் நிறுத்திய பிள்ளைகள் – அத்தனை பேர் மூக்குக்கு முன்னாலும் அது நின்றிருக்கிறது. முகத்தை மறந்தாலும் விரலை மறக்க மாட்டார்கள். வேன்காரனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லிஃப்ட்டை வைக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

லிஃப்ட்டைப் படமெடுத்தேன். பொருந்தவில்லை. அத்தைமேல் வெளிச்சம் வலது பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. லிஃப்ட்டுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு அழுமூஞ்சி பல்பு. ஒட்டிப் பார்த்தால் அத்தை வேறு ஊரில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அத்தையை இடவலமாகத் திருப்பிப் போடலாமா? முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மச்சம் பக்கம் மாறிவிடும். கட்டடத்துப் பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

அத்தையைத் திருப்ப முடியாதென்றால் வெளிச்சத்தைத் திருப்ப வேண்டியதுதான். கடை விளக்கை இரவல் வாங்கி வந்தேன். இத்தனை நாளும் "நான் நடுநிலைப்பா, எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்" என்று நழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் விளக்கைக் கொடுத்து, லிஃப்ட்டுக்கு வலது பக்கம் நிற்கவைத்தேன். "இன்னும் மேல தூக்குங்க. இன்னும். கை வலிச்சா நடுநிலையா வலிக்கட்டும்" என்றேன். விளக்கு வெளிச்சத்தில் கதவின் கீறல்கூட எழுந்து நின்றது. 'வேலை செய்யவில்லை' அட்டையின் அழுக்கு தெளிவாக விழுந்திருக்கிறது.

பிறகு உட்கார்ந்தேன். வேன்காரன் போனான். ஜூஸ் டம்ளர் போயிற்று. பலூன்கள் போயின. அத்தையின் கேசத்தில் ஒவ்வொரு முடியாக வெட்டி எடுத்தேன். காற்றில் எழுந்து நிற்கும் இரண்டு முடியை மட்டும் அப்படியே விட்டேன், கோபத்துக்கு அது வேண்டும். மச்சம் இருக்கிறது. நெற்றிக்கோடு இருக்கிறது. பாதி திறந்த வாய் இருக்கிறது. கல்யாணப் பூச்சுப் பொத்தான் பக்கம் கை போகாமலிருக்க அதன்மேல் காகிதம் ஒட்டிவைத்தேன்!

கடைசியாக விரலின் நிழல். அது கதவில் விழ வேண்டும், சரியாக அட்டையின் ஓரத்தைத் தொட வேண்டும். கறுப்பாகப் போட்டால் கரிக்கோடு, வெளுப்பாகப் போட்டால் தூசி. விரலுக்குப் பக்கத்தில் கூர்மையாக, தள்ளிப் போகப் போக மங்கலாக. அழித்து அழித்து வரைந்தேன். திடீரென்று விழுந்தது பாருங்கள்! ஒட்டிய படம் ஒரே படமாயிற்று. அத்தை அங்கே நிற்கிறார், லிஃப்ட்டைத் திட்டுகிறார், லிஃப்ட்டுக்குப் பேச்சு வரவில்லை.

காட்டினேன். அத்தை பார்த்தார். "இவதான்" என்றார்.

மாமா எட்டிப் பார்த்தார். "எனக்கே உதறுது" என்றார்.

ஜூன் 18, செவ்வாய்

பலகைக்கு முன்னால் கூட்டம். வாட்ச்மேன் படத்தைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தாராம்.

பக்கத்திலேயே டாக்டரும் தன் தோட்டத்தோடு ஒட்டியிருக்கிறார். இரண்டும் என் கை. பெருமைப்படுவதா, நொந்துகொள்வதா?

ஜூன் 23, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது!

ஹால் நிறைய ஆட்கள். மாமா மட்டும் மேலே, ஜன்னலில். டாக்டர் முதலில் எழுந்தார். அத்தையின் படத்தைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இது பொய்ப் படம்! இந்த அம்மா லிஃப்ட் முன்னாடி இப்படி நின்னதே இல்ல. எங்கயோ எடுத்ததை இங்க ஒட்டியிருக்காங்க. நிழல்கூட வரைஞ்சது. முதல் படமும் பொய், ரெண்டாவதும் பொய். இவங்களை நம்பியா சங்கத்தைக் கொடுப்பீங்க?"

நிழலைக் கண்டுபிடித்துவிட்டாரே! ஹாலில் சலசலப்பு. மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார். நான் மறுக்கவா, ஒத்துக்கொள்ளவா?

அத்தை எழுந்தார். பஸ் குரல்.

"ஆமா, ஒட்டினதுதான். என் மருமக ஒட்டினா. நிழலையும் அவதான் வரைஞ்சா, எவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கா பாருங்க. முதல் படம் தப்பு, மாத்தச் சொன்னீங்க, மாத்திட்டோம். இதுல நான் ஒட்டினது. லிஃப்ட்டும் ஒட்டினதா? அந்த அட்டையும் ஒட்டினதா? வாங்க, எல்லாரும் வாங்க, போய் அமுக்கிப் பாக்கலாம்!"

சொல்லிவிட்டு நடந்தார். ஒருவர் எழுந்தார், நாலு பேர் எழுந்தார்கள், ஹாலே எழுந்து பின்னால் போனது. டாக்டரும் வேறு வழியில்லாமல் வந்தார். லிஃப்ட் முன்னால் அத்தை நின்றார். "அமுக்குங்க டாக்டர்." டாக்டர் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னொரு தரம்." அமுக்கினார். அத்தை கையை நீட்டினார். அதே தோள், அதே விரல், கண் இரண்டும் முழுசாக. படத்தில் இருப்பது அப்படியே நின்றது! யாரோ கை தட்டினார்கள்.

"மேல நாலாவது மாடியில ஒருத்தர் ஜன்னல்லயே உக்காந்திருக்காரு. முடி வெட்டக்கூட கீழ வர முடியல. அவரு எனக்கு வேணும்னா புருஷன். உங்களுக்கு? நாளைக்கு உங்க வீட்லயும் ஒரு முட்டி மடங்காது. அப்ப யாரு தூக்குவா?"

மூன்றாம் மாடி அக்கா தன் முட்டியைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிப் பாப்பா ஒன்று தன் அம்மாவிடம் கேட்டது: "அம்மா, டாக்டர் மாமா படத்துல இருக்கிற தோட்டம் எங்க இருக்கு? நான் தேடினேன், கிடைக்கவே இல்ல."

என் மேல் சத்தியமாக நான் யாரிடமும் மூச்சு விடவில்லை! அது தானே தேடியிருக்கிறது, பாவம், ரோஜாவைப் பார்க்க. கூட்டம் அப்படியே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தது. காய்ந்த மண். உடைந்த தொட்டி. அதில் ஒரு பழைய செருப்பு. யாரோ தொடங்கிய சிரிப்பு நிற்கவேயில்லை. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பல்லை மூடியிருந்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

சீட்டுகளை எண்ணி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அத்தை ஜெயித்துவிட்டார்! நானும் மூன்றாம் மாடி அக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். மேலே ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "சத்தத்திலேயே தெரிஞ்சுது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

ஜூன் 25, செவ்வாய்

டாக்டர் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ, "நீங்கதான் அந்த மருமகளா?" என்று கேட்டார். "எனக்கும் நல்லாத்தான் செஞ்சு கொடுத்தீங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

அத்தை லிஃப்ட் கம்பெனிக்கே நேரில் போய்விட்டார். ஒரு பாகம் வரவழைக்க வேண்டுமாம். இத்தனை நாளாக யாரும் போய்க் கேட்கவே இல்லையாம்! "சொல்லியிருக்கோம்" என்று யாரிடம் சொன்னாரோ அந்த மனுஷன். பாகம் வரும்வரை தினமும் வந்து உட்காருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பாவம் அந்தக் கம்பெனி.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் போனார். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டுவிட்டார்களாம்.

ஜூலை 17, புதன்

ஓடுகிறது! ஓடுகிறது! மெக்கானிக் கதவை மூடித் திறந்து காட்டினார். பிள்ளைகள் மேலும் கீழும் போய்க்கொண்டேயிருந்தார்கள். அத்தை விரலை நீட்டிய பிறகுதான் இறங்கினார்கள்.

'வேலை செய்யவில்லை' அட்டையை அத்தை கழற்றிக்கொண்டு மேலே வந்தார். எங்கே வைக்கப் போகிறார் என்று பார்த்தால், சமையலறைக் கதவில் மாட்டினார். "இன்னிக்கு சங்கத் தலைவருக்கு லீவு" என்று சொல்லிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர்தான் சமைத்தார். உப்பு கூடிவிட்டது. எல்லாரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஜூலை 19, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது.

"மாமா எங்க அத்தை?"

"சலூனுக்குப் போயிருக்காரு. காலையில போனவரு. பேசிட்டு உக்காந்திருப்பாரு."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தானே நடந்து உள்ளே வந்தார். என் வீட்டுக்காரரையும் சேர்த்து மூவரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். அத்தை கண்ணை மூடிவிட்டார், வழக்கம்போல.

கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் கை மாமாவின் காதோரத்துக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.